ஹாங்காங்குக்கு எந்த மாதம் கிளம்பலாம்? முழுமையான வழிகாட்டி

ஹாங்காங்கின் கௌலூன் பகுதியில் எட்டு வருஷம் குடியிருந்தேன். அந்த எட்டு வருஷத்தில் ஊரிலிருந்து வந்த போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "எப்போ வந்தா நல்லா இருக்கும்?" முதல் இரண்டு வருஷம் நானும் விவரம் தெரியாமல் "எப்ப வேணா வாங்க, வீடு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் பலனாக என் பெரியம்மா ஜூலை மாத மத்தியானத்தில் 268 படி ஏறி லாந்தாவ் தீவின் பெரிய புத்தரிடம் போனார். மேலே போனதும் அவர் முதலில் தேடியது புத்தரை இல்லை, உட்கார ஒரு நிழல். மாமா குடும்பம் மார்ச்சில் வந்தது. விக்டோரியா சிகரத்துக்கு டிராமில் ஏறி, கண்ணாடித் தடுப்பு ஓரத்தில் வரிசையாக நின்றோம், எதிரில் வெள்ளை. வெறும் வெள்ளை. கட்டடம் இல்லை, துறைமுகம் இல்லை, பக்கத்தில் இருக்கிற மரம்கூட இல்லை. மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இந்த மேகத்தைப் பார்க்கவா விமானம் ஏறி வந்தோம்? கொடைக்கானல்லயே இருக்கே" என்றார்.

அதற்குப் பிறகுதான் யார் கேட்டாலும் திருப்பிக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

அவசரமாக ஒரே வரி பதில் வேண்டுமென்றால்: அக்டோபர் கடைசி வாரம் முதல் டிசம்பர் பாதி வரை. ஆனால் நம் வீடுகளில் லீவு அந்த நேரத்தில் கிடைப்பது அபூர்வம், அதனால் மிச்சத்தையும் படித்துவிடுங்கள்.

படி 1: வெயிலை விடுங்கள், காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

ஹாங்காங் இருப்பது 22 டிகிரி வடக்கில், ஏறக்குறைய கொல்கத்தா இருக்கிற அதே மட்டத்தில், கடக ரேகைக்குக் கொஞ்சம் தெற்கே. அட்சரேகையை மட்டும் வைத்துப் பார்த்தால் அது வெப்பமண்டல ஊர். ஆனால் இந்தியாவுக்கு இமயமலை மாதிரி அந்த ஊருக்கு வடக்கே பெரிய சுவர் எதுவும் கிடையாது. குளிர்காலத்தில் சைபீரியா, மங்கோலியா பக்கம் உருவாகிற குளிர்க்காற்று சீனா முழுக்க வழிந்து தெற்குக் கடற்கரை வரை வந்துவிடும். அதனால்தான் அதை மித வெப்பமண்டல ஊர் என்கிறார்கள், அதனால்தான் கடலோரத்தில் இருந்துகொண்டே ஜனவரியில் பல் கிட்டிக்கிறது.

இதில் நமக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வீசுவதும் வடகிழக்குப் பருவக்காற்றுதான். நம் பக்கம் அது வங்கக் கடலைத் தாண்டி ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது; ஹாங்காங்குக்கோ நிலத்தின் மேலேயே நடந்து வருவதால் காய்ந்துபோய் வந்து சேர்கிறது. சென்னையில் நவம்பர் மழை சராசரியாக 350 மில்லிமீட்டருக்கு மேல், ஹாங்காங்கில் அதே மாதம் 40 மில்லிமீட்டர்கூட இல்லை. அப்படியே தலைகீழாக, நாம் கத்திரி வெயிலில் ஒரு தூறலுக்கு ஏங்குகிற மே, ஜூனில் அங்கே தென்மேற்குப் பருவக்காற்று வேலையை ஆரம்பித்துவிடும். ஜூன் ஒரே மாதத்தில் சுமார் 490 மில்லிமீட்டர். சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்வது 1,400 என்றால் ஹாங்காங்குக்கு 2,400.

ஆக, நம் மழைக்காலம்தான் அவர்களின் நல்ல காலம். இந்த ஒன்றை மனதில் போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. (ஒரு சின்னத் தொல்லை: அங்கே வானம் பளிச்சென்று இருக்கும், இங்கே மீனம்பாக்கத்தில் விமானம் கிளம்பாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுபாதையே தண்ணீரில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர், டிசம்பர் பயணத்துக்குக் கிளம்பும் முனையிலும் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.)

படி 2: எதற்குப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்

"சும்மா சுத்திப் பார்க்க" என்பது பதில் இல்லை. ஹாங்காங்கில் நான்கு விதமான பயணம் இருக்கிறது, நான்குக்கும் மாதம் வேறு வேறு.

மேலிருந்து பார்க்கிற ஊர் உங்களுக்கு முக்கியமா? சிகரம், கேபிள் கார், துறைமுகத்து இரவு வெளிச்சம் இதெல்லாம் வேண்டுமென்றால் முதல் எதிரி மழை இல்லை, மூடுபனிதான். மார்ச், ஏப்ரலைத் தவிருங்கள். இதில் இன்னொரு உள்விஷயமும் இருக்கிறது. குளிர்காலத்தில் வறண்டு இருக்கிறதே தவிர, வடக்கிலிருந்து வருகிற காற்று புகையையும் கொண்டுவரும். சில நாள் எதிர்க்கரை சாம்பல் பூசினாற்போல் தெரியும். உண்மையிலேயே கண்ணாடி துடைத்த மாதிரி நீல வானம் வேண்டுமானால் அது ஜூலையில் ஒரு நல்ல மழை அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில், தெற்கிலிருந்து கடல்காற்று வீசும்போது கிடைக்கும். ஆனால் அந்த ஒரு காலைக்காக ஜூலை முழுவதையும் தாங்க வேண்டும்.

நடக்கப் போகிறீர்களா? இந்த ஊரின் பெரிய ரகசியமே அதுதான். கட்டடக் காடு என்று நினைத்துப் போகிறவர்கள் நிலத்தில் பெரும்பகுதி மலையும் காடுமாக இருப்பதைப் பார்த்து அசந்துபோவார்கள். டிராகன்ஸ் பேக் பாதை, 100 கிலோமீட்டர் நீளமுள்ள மெக்லஹோஸ் பாதை, 934 மீட்டர் லாந்தாவ் சிகரம், எல்லாமே மெட்ரோவிலோ பஸ்ஸிலோ போய் இறங்கி நடக்கலாம். இதற்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான். கோடையில் மலை ஏறி வெப்பத்தில் மயங்கி, ஹெலிகாப்டரில் இறக்கப்படுகிறவர்கள் வருஷம் தவறாமல் செய்தியில் வருவார்கள்.

பிள்ளைகளுக்காக டிஸ்னிலாண்ட் மட்டும் என்றால் எந்த மாதமும் ஓடும். இடி இடித்தால் வெளிப்புற ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள், அதனால் மே முதல் செப்டம்பர் வரை மத்தியானத்துக்கு முன்பே முக்கியமானவற்றை ஏறி முடித்துவிடுங்கள். கடை, சாப்பாடு, வியாபாரம் என்றால் மாதத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், ரூம் வாடகையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். அது படி 4இல்.

வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இவை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நவம்பர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: வருஷத்தை அந்த ஊர்க்காரர் மாதிரி பிரியுங்கள்

நான்கு பருவம் என்று சுற்றுலாப் பக்கங்களில் இருக்கும். இருந்து பார்த்தவனாக எனக்கு அது ஈரம் ஏறுகிற காலம், கொட்டுகிற காலம், காய்கிற காலம், உறைகிற காலம். நீளமும் ஒரே மாதிரி இருக்காது.

ஈரம் ஏறுகிற காலம் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. தெர்மாமீட்டர் 18, 20, 23 என்று காட்டும், பார்த்தவுடன் "ஆகா, ஊட்டி மாதிரி" என்று டிக்கெட் போடத் தோன்றும். அங்கேதான் ஏமாற்று. வடக்கின் குளிர்க்காற்று பின்வாங்கியதும் தெற்கிலிருந்து சூடான ஈரக் காற்று உள்ளே நுழையும், ஆனால் சுவரும் தரையும் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே துளி கட்டுமே, அது வீட்டுக்கு நடந்தால் எப்படி இருக்கும்? எங்கள் அடுக்குமாடியில் லிப்ட் முன்னால் இருக்கிற டைல்ஸ் தரை, யாரோ வாளித் தண்ணீரைக் கவிழ்த்த மாதிரி நனைந்திருக்கும். வாட்ச்மேன் தாத்தா அட்டைப்பெட்டிகளைப் பிரித்து வரிசையாக விரித்துப் போட்டிருப்பார், வழுக்காமல் இருக்க. குளியலறைக் கண்ணாடி நாள் முழுக்க மூடியே கிடக்கும். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய அப்பளத்தை டப்பாவிலிருந்து எடுத்தால் கைக்குட்டை மாதிரி நான்காக மடிக்கலாம். துவைத்த ஜீன்ஸ் மூன்று நாளாகியும் காயாது. சீக்கு ஒன்றும் இல்லை, ஆனால் சுற்றுலா வந்தவருக்கு மனசு உடைந்துபோகும், ஏனென்றால் மலை, துறைமுகம், கேபிள் கார் மூன்றும் ஒரே நேரத்தில் காணாமல் போகும். மாமாவின் வெள்ளைச் சுவர் நாள் இந்தக் காலத்தில்தான். இரண்டு மூன்று நாள் பிடிவாதமாக இருந்துவிட்டு, ஒரு நாள் சட்டென்று விலகவும் செய்யும். அதிர்ஷ்டத்தை நம்புகிறவர்கள் மட்டும் வரலாம்.

கொட்டுகிற காலம் மே முதல் செப்டம்பர். சராசரி 28, 29 டிகிரிதானே, சென்னைக்காரனுக்கு இது ஒரு வெயிலா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சென்னையில் நாலு மணிக்கு மேல் கடல்காற்று வரும், அங்கே தெருவின் இரு பக்கமும் முப்பது மாடி நிற்கிறது, காற்று எங்கே வரும்? பல நாள் ராத்திரியிலும் 27, 28க்குக் கீழே இறங்காது. நாதன் ரோட்டில் நடந்தால் மேலே ஆயிரம் ஏசிகளிலிருந்து சொட்டுகிற தண்ணீர் உச்சந்தலையில் விழும். மழையோ என்று குடையை விரித்தால் சுற்றி யாரும் விரித்திருக்க மாட்டார்கள். அப்புறம் கடைக்குள் நுழைந்தால் பிரிட்ஜுக்குள் நுழைந்த குளிர். இந்தச் சூடு, குளிர், சூடு, குளிர் மாற்றத்தில்தான் வருகிறவர்கள் எல்லாம் மூன்றாம் நாள் மூக்கை உறிஞ்சுகிறார்கள். மழை என்றால் நாள் முழுக்க சிணுங்குகிற மழை இல்லை, ஒரு மணி நேரத்தில் வெள்ளமாக அடித்து நிறுத்துகிற மழை. 2023 செப்டம்பர் 7 இரவு 11 மணியிலிருந்து 12 மணிக்குள் மட்டும் 158.1 மில்லிமீட்டர் பெய்தது, 1884இல் பதிவு தொடங்கியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு அதுதான் உச்சம். மெட்ரோ நிலையத்துக்குள் தண்ணீர் அருவியாக இறங்கியது.

கோடையிலும் நல்லது இருக்கிறது, மறைக்க மாட்டேன். கடலில் குளிக்க அதுதான் காலம்; பெரும்பாலான பொதுக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் இருப்பார்கள். ஜூனை ஒட்டி டிராகன் படகுப் போட்டி. பொழுது ஏழு மணிக்கு மேல்தான் சாயும்.

காய்கிற காலம், அதாவது நான் சொல்கிற காலம், அக்டோபர் பாதிக்கு மேல் தொடங்கும். முதல் நாளே தெரிந்துவிடும். காலையில் ஜன்னலைத் திறந்தால் சட்டை முதுகில் ஒட்டாது. அவ்வளவுதான் அடையாளம், ஆனால் ஐந்து மாதம் ஒட்டியிருந்தவனுக்கு அது ஒரு விடுதலை. நவம்பர் சராசரி 22 டிகிரி, ஈரப்பதம் எழுபதை ஒட்டி, வாரக்கணக்கில் மழையே இல்லாமல் ஓடும். லாந்தாவில் சன்செட் பீக் என்கிற 869 மீட்டர் மலையில் நவம்பரில் நாணல் பூத்து, சாயங்கால வெயிலில் மலை முழுக்கப் பொன்னாக அசையும். ஊரே கேமராவோடு அங்கேதான் இருக்கும். துறைமுகத்தைக் கடக்கிற ஸ்டார் ஃபெரி படகின் மேல்தளத்தில் உட்கார்ந்து போகலாம், காற்று முகத்தில் அடிக்கும், கசகசக்காது. டிசம்பரில் 18க்கு வந்துவிடும், மெல்லிய ஸ்வெட்டர் போதும். ஒரே குறை, ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும், நடைப்பயணம் போகிறவர்கள் காலையிலேயே கிளம்ப வேண்டும்.

உறைகிற காலம் ஜனவரி, பிப்ரவரி. சராசரி 16, 17 என்றாலும் குளிர் அலை வந்தால் 10க்குக் கீழே போகும். 2016 ஜனவரி 24இல் ஊருக்குள்ளேயே 3.1 டிகிரி. 957 மீட்டர் டாய் மோ ஷான் மலையில் பனி உறைந்ததைப் பார்க்கக் கூட்டமாக ஏறியவர்கள் வழுக்கி இறங்க முடியாமல் தீயணைப்புப் படை போய் மீட்டது. வீடுகளில் ஹீட்டர் கிடையாது, மலிவான ரூம்களிலும் ஏசி குளிரை மட்டுமே தரும். முன்பதிவு செய்யும்போது சூடு தருகிற ஏசியா என்று கேட்டுவிடுங்கள். மற்றபடி எனக்குப் பிடித்த காலம்.

படி 4: சீனக் காலண்டரைப் பக்கத்தில் வையுங்கள்

வானிலை அருமையாக இருந்து, கூட்டத்தில் மூச்சு முட்டினால் என்ன பயன்? சீன நிலப்பகுதியில் லீவு விட்டால் ஹாங்காங் நிரம்பும். அக்டோபர் 1 முதல் ஒரு வாரம், மே 1ஐ ஒட்டி ஐந்து நாள், அப்புறம் சீனப் புத்தாண்டு. இந்த மூன்றிலும் போகாதீர்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். கேபிள் காருக்கு வரிசை, டிம் சம் பலகாரத்துக்கு வரிசை, வரிசையில் நிற்கலாமா என்று கேட்கவும் ஒரு வரிசை.

சீனப் புத்தாண்டு சந்திரக் கணக்கு என்பதால் ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் நகர்ந்துகொண்டே இருக்கும். 2027இல் பிப்ரவரி 6, 2028இல் ஜனவரி 26. முதல் மூன்று நாள் சின்ன உணவகங்கள், சந்தைகள் பலதும் கதவடைத்திருக்கும். ஆனால் அதற்கு முந்தின வாரம் இருக்கிறதே, அது பிரமாதம்: விக்டோரியா பூங்காவில் இரவெல்லாம் பூச்சந்தை, நம் ஊர் பொங்கலுக்கு முந்தின கோயம்பேடு மாதிரி, கரும்புக்குப் பதில் பீச் பூங்கிளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள்.

இரண்டு திருவிழாக்களுக்காக மோசமான வானிலையையும் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்று, இலையுதிர்கால நடுப் பௌர்ணமி (2027இல் செப்டம்பர் 15). அதை ஒட்டி டாய் ஹாங் தெருக்களில் 67 மீட்டர் நீள வைக்கோல் டிராகனின் உடல் முழுக்க ஊதுவத்திகளைச் செருகி, புகையும் நெருப்புமாக இரவில் ஆட்டிக்கொண்டு வருவார்கள். இன்னொன்று, மே மாதத்தை ஒட்டி சுங் சாவ் தீவின் பன் திருவிழா. திருவிழா நாள்களில் தீவே சைவம், அங்கிருக்கும் மெக்டொனால்ட்ஸில்கூட காளான் பர்கர்தான். சைவக்காரர்கள் ஹாங்காங்கில் மெனுவைத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் சாப்பிடக் கிடைக்கிற அபூர்வமான நாள்கள் அவை.

அப்புறம் கண்காட்சிகள். ஏப்ரல், அக்டோபர் பாதியில் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சி, அதே நேரத்தில் பக்கத்துக் குவாங்சோவில் கேன்டன் கண்காட்சி. மார்ச்சிலும் செப்டம்பரிலும் நகைக் கண்காட்சி. சிம் ஷா சுய் பகுதியில் ரூம் வாடகை அந்த வாரம் எகிறிவிடும். காயல்பட்டினத்திலிருந்து போய் ரத்தின வியாபாரத்தில் காலூன்றிய குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக இருக்கின்றன, அவர்களில் யாரையாவது தெரிந்திருந்தால் இந்தத் தேதிகளைக் கேட்டாலே போதும், விரல்நுனியில் வைத்திருப்பார்கள்.

படி 5: உங்கள் லீவை இதன் மேல் பொருத்துங்கள்

பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு உண்மையில் நான்கைந்து சந்தர்ப்பம்தான்.

காலாண்டு லீவு செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். காந்தி ஜெயந்தியும் பூஜையும் சேர்ந்து வருவதால் எல்லோரும் இதைத்தான் பிடிப்பார்கள், ஆனால் அது சீனத் தேசிய நாள் வாரத்தில் நேராகப் போய் முட்டுகிறது, புயலும் ஓய்ந்திருக்காது. வேண்டாம்.

தீபாவளி சரியான பொருத்தம். 2026இல் நவம்பர் 8 வருகிறது, ஒரு வாரம் லீவு போட்டுச் சேர்த்துக்கொள்ள முடிந்தால் யோசிக்கவே வேண்டாம். தீபாவளியன்று வீட்டில் இல்லாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வார்கள் என்றால் அம்மாவையும் கூட்டிப் போங்கள், ஹேப்பி வேலியில் இந்துக் கோயில் இருக்கிறது, சிம் ஷா சுய்யில் இட்லியும் கிடைக்கும்.

அரையாண்டு லீவு டிசம்பர் கடைசி. வானிலைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு, செலவுக்கு நாற்பது. கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 1 வரை ரூமும் விமானமும் உச்சத்தில் இருக்கும்.

இங்கேதான் நான் எல்லோருக்கும் சொல்கிற குறுக்கு வழி: பொங்கல். ஜனவரி 13இலிருந்து 18 வரை, கிறிஸ்துமஸ் கூட்டம் போய்ச் சேர்ந்திருக்கும், சீனப் புத்தாண்டுக் கூட்டம் இன்னும் வந்திருக்காது, வாடகை இறங்கியிருக்கும், மழை அநேகமாக இருக்காது. குளிரும், அவ்வளவுதான். நம் பிள்ளைகள் குளிரைப் பார்த்தால் துள்ளத்தான் செய்வார்கள். புத்தாண்டு ஜனவரி கடைசியிலேயே வருகிற 2028 மாதிரி வருஷத்தில் மட்டும் விலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முழு ஆண்டு லீவுதான் கிடைக்கும் என்றால் ஏப்ரல் கடைசி வாரம் பரவாயில்லை, மே 1க்கு முன்னால் திரும்பிவிடுங்கள். அது முடியாவிட்டால் மே 6க்கு மேல். மே கடைசிக்குத் தள்ளத் தள்ள மழை கூடும்.

படி 6: புயல் மாதத்தில்தான் போவேன் என்றால்

சரி, போங்கள், ஆனால் எண்களைத் தெரிந்துகொண்டு போங்கள். நம் துறைமுகங்களில் "இரண்டாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று செய்தியில் படிப்போம், படித்துவிட்டு பஜ்ஜி போடப் போய்விடுவோம், அது கப்பல்காரர்கள் விஷயம் என்று. ஹாங்காங்கில் அந்த எண்தான் ஊரையே நடத்துகிறது. எண்கள் 1, 3, 8, 9, 10. நடுவில் 4, 5, 6, 7 எங்கே என்று கேட்காத விருந்தாளி இல்லை. பழைய ஐந்து முதல் எட்டு வரையிலான எண்களை 1973இல் திசை வாரியாக ஒரே எட்டாக மாற்றிவிட்டார்கள்.

1 என்றால் புயல் 800 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, ஊர் வழக்கம்போல் ஓடும். 3 என்றால் காற்று பலம், கேபிள் கார் நிற்கலாம், தீவுகளுக்குப் போகாதீர்கள். 8 ஏறப்போகிறது என்பதை இரண்டு மணி நேரம் முன்பே சொல்வார்கள், அந்த இரண்டு மணி நேரம்தான் உங்களுக்கு. ஊரே ஒரே நேரத்தில் வீடு திரும்பும். பஸ், படகு நின்றுவிடும், மெட்ரோ குறைவாக ஓடும், சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி அலமாரி காலியாகும். 10 என்பது மணிக்கு 118 கிலோமீட்டருக்கு மேல். அதெல்லாம் அபூர்வம் என்று நினைக்க வேண்டாம்: 2017 ஹாட்டோ, 2018 மாங்கூட், 2023 சாவோலா, 2025இல் விப்பா, ரகாசா என்று இரண்டு.

என் மச்சான் குடும்பம் ஒரு ஆகஸ்டில் வந்தபோது எட்டு ஏறியது. பத்துக்குப் பத்து ரூமில் நான்கு பேர், ஜன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறி போட்டு டேப், கையில் இரண்டு பாக்கெட் பிஸ்கட். மறுநாளுக்கு வைத்திருந்த ரூமுக்குப் போக முடியவில்லை, அந்த ஹோட்டல் பணமும் திருப்பித் தரவில்லை. மச்சானின் பையன் மட்டும் சந்தோஷமாக இருந்தான்.

ஆனால் கணக்கு என்று பார்த்தால் எட்டோ அதற்கு மேலோ வருஷத்துக்குச் சராசரியாக ஒன்றிரண்டு தடவைதான் ஏறுகிறது. ஐந்து நாள் பயணத்தில் மாட்டுவது குறைவு. ஜூலை முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் மூன்று காரியம் செய்தால் போதும்: ரத்து செய்யக்கூடிய ரூம், இயற்கைச் சீற்றத்தால் வரும் தாமதத்தையும் சேர்த்த பயணக் காப்பீடு, திரும்பி வந்த மறுநாளே ஆபீஸ் என்று வைக்காமல் ஒரு நாள் இடைவெளி. நவம்பரில் புயல் பயமே இல்லையா என்றால், 2024 நவம்பரிலேயே எட்டு ஏறியது. அது விதிவிலக்கு.

மழைக்குத் தனி எச்சரிக்கை: மஞ்சள், சிவப்பு, கறுப்பு. கறுப்பு என்றால் மணிக்கு 70 மில்லிமீட்டருக்கு மேல். இருக்கிற இடத்திலேயே இருங்கள், மால் என்றால் மாலில், மெட்ரோ என்றால் மெட்ரோவில்.

படி 7: எப்போது எதைப் போடுவது

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் வருகைக்கு முன் பதிவு என்கிற இலவச இணையப் பதிவைச் செய்துவிட்டால் 14 நாள் வரை தங்கலாம். அது ஆறு மாதம்தான் செல்லும். ஜனவரியில் உற்சாகத்தில் பதிந்துவிட்டு நவம்பரில் போய் நிற்காதீர்கள். அதே சமயம், பதிவு கிடைக்கிறதா என்று பார்க்காமல் திருப்பித் தராத டிக்கெட்டும் வாங்காதீர்கள், சிலருக்கு மறுக்கப்படுகிறது, அப்போது விசாதான் வழி. ஆக நவம்பர் பயணத்துக்கு ஜூன், ஜூலையில் பதிவு, உடனே டிக்கெட், கையோடு ரத்து செய்யக்கூடிய ரூம். சென்னையிலிருந்து நேரடி விமானம் என்றால் ஏறக்குறைய ஆறு மணி நேரம். 2025 ஜனவரியிலிருந்து ஹோட்டல் வாடகைக்கு 3 சதவீத வரி சேர்ந்திருக்கிறது, விலை ஒப்பிடும்போது வரியோடா இல்லாமலா என்று பாருங்கள்.

படி 8: பெட்டி

நவம்பருக்கு ஒரு மெல்லிய முழுக்கைச் சட்டை, நடக்கிற ஷூ. ஜனவரிக்கு உள்ளே பனியன், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்று புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காக. ஒரே தடிமன் கோட்டு வேண்டாம், மத்தியானம் கையில் தூக்கிக்கொண்டு அலைவீர்கள். கோடைக்கு மாற்றிப் போட டீஷர்ட் ஒரு நாளைக்கு இரண்டு, குடை, மாலுக்குள் போர்த்த ஒரு துப்பட்டா. மார்ச்சுக்கு? சீக்கிரம் காய்கிற துணியாகப் பார்த்து எடுங்கள், ஜீன்ஸை ஊரிலேயே விடுங்கள்.

படி 9: கடைசி ஒன்பது நாள்

ஹாங்காங் வானிலை மையம் ஒன்பது நாளுக்கு முன்னறிவிப்பு தரும், அவர்களின் மைஅப்சர்வேட்டரி செயலியைக் கிளம்புவதற்கு முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். முதல் நாலைந்து நாள் கணிப்பை நம்பலாம், மிச்சத்தை ஜோசியம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தைத் தேதி வாரியாக எழுதாமல் "வானம் தெளிந்த நாள்", "மூடிய நாள்" என்று இரண்டு சீட்டு எழுதுங்கள். தெளிந்த சீட்டில் சிகரம், கேபிள் கார், தீவு, மலைப்பாதை. மூடிய சீட்டில் மேற்கு கௌலூனின் எம் பிளஸ் கலைக்கூடம், அரண்மனை அருங்காட்சியகம், மோங் கோக் சந்தைகள், வோங் டாய் சின் கோயில், டிராமில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. காலையில் எழுந்து ஜன்னலைப் பார்த்து ஒரு சீட்டை எடுக்க வேண்டியது.

மாமா போன வருஷம் மறுபடி போனார், இந்த முறை நவம்பர். சாயங்காலம் நாலு மணிக்கு ரூமுக்குள் நுழைந்ததும் அத்தை "முதல்ல குளிச்சிட்டு, சாப்பிட்டு, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றாராம். மாமா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்திருக்கிறார், எதிர்க்கரை மலை மேல் ஒரு பிசிறு மேகம் இல்லை. பெட்டியைத் திறக்காமலே அத்தையை இழுத்துக்கொண்டு டிராம் வரிசையில் போய் நின்றுவிட்டார்.